ஆயுத பூஜைக்கு வராத லேப்டாப்

ஆடி மாசத்துல புதுசா எதையும் ஆரம்பிக்கக் கூடாதுன்னு நம்ம ஊருல சின்னக் குழந்தைக்கும் தெரியும். லேப்டாப் கம்பெனிக்காரனுக்குத்தான் தெரியறதில்ல. ஆடி பொறந்த மூணாம் நாளே கீபோர்டுக்குப் புது டிரைவர்னு ஒண்ணை அனுப்பி வச்சான். அன்னிக்குக் காலையில நான் ஷட்டரைத் தூக்கறதுக்குள்ள கடை வாசல்ல பதினோரு பேரு, ஆளுக்கொரு லேப்டாப்பைக் காய்ச்சக்காரக் குழந்தையாட்டம் நெஞ்சோட அணைச்சுட்டு நிக்கறாங்க.

எம் பேரு தமயந்தி. பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால கைராசி லேப்டாப் சர்வீஸ்னு கடை வச்சுப் பத்தொம்பது வருசமாச்சு. எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தின்னு ஊருல சொல்லுவாங்க. கை அதைவிட ஜாஸ்தின்னு வந்து பாத்தவங்களுக்குத் தெரியும்.

டிரைவர்ங்கறது ஒண்ணும் பெரிய வித்தையில்ல. நம்ம தட்டறதை மெஷினுக்குப் புரியற மாதிரி எடுத்துச் சொல்ற தூதுவன், அவ்வளவுதான். புதுசா வந்த தூதுவன் வந்த அன்னிக்கே வாயடைச்சுப் போயிட்டான். தட்டினா எழுத்து வரல, டச்பேடு கல்லாட்டம் கிடக்குது. நல்லா இருந்ததைத் திருத்தறேன்னு பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை. நான் ஒவ்வொண்ணா வெளியில இருந்து வேற கீபோர்டு மாட்டி, சேஃப் மோடுல எழுப்பி, புது டிரைவரைத் தூக்கிக் கடாசிட்டுப் பழசைப் போட்டு உக்கார வச்சேன். பன்னெண்டு மணிக்குள்ள பத்துப் பேரு சிரிச்ச முகத்தோட வீட்டுக்குப் போயிட்டாங்க.

பதினோராவது ஆள்தான் கோகிலவாணி அக்கா. வரிசையில முன்னால நின்னுட்டு, அவசரம்னு சொன்னவங்களுக்கெல்லாம் வழி விட்டு வழி விட்டு, கடைசிக்குப் போனவங்க. அப்படியொரு பொறுமை. டிவியில ஓடுதே 'வடக்கு வாசல் வீடு' சீரியல், அதுக்குக் கதையும் வசனமும் அவங்கதான். எழுநூறு எபிசோடு தாண்டிருச்சு. அதுல வர்ற மாமியார் பேசற பேச்சுக்கு ஊரே நடுங்கும். எழுதறவங்களோ கடைக்கு வந்தா ஃபேன் போடச் சொல்லவே தயங்குவாங்க.

கூடவே பொன்னரசு டாக்டரும் வந்திருந்தாரு. மாட்டு டாக்டர். ஆவணியில ரெண்டு பேருக்கும் கல்யாணம். அக்காவோட முதல் வீட்டுக்காரர் தனசேகர் தவறி மூணு வருசம் ஆகப் போகுது. டாக்டரு ஆனைமலைப் பக்கம் ஒரு எருமைக்குப் பிரசவம் பாத்துட்டு அப்படியே வந்திருந்தாரு. முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ், அதுல ஒரு வீசை சேறு. நான் அன்னிக்குக் காலையிலதான் தரையைத் துடைச்சிருந்தேன். வருங்கால மாப்பிள்ளையாச்சேன்னு வாயை மூடிட்டேன்.

அக்கா லேப்டாப்பைத் திறந்தேன். கீபோர்டு நல்லா வேலை செய்யுது. ஆனா திரையில வேற ஒரு வில்லங்கம். எதையாவது அம்பது வார்த்தை எழுதுங்கன்னு ஒரு கட்டம். அதுக்குக் கீழ, 'உங்களைப் பார்த்த மாதிரி இருக்கிறது. ஆனால் நீங்கள் கோகிலவாணி இல்லை. பொருத்தம் 41'.

என்னக்கா பண்ணீங்கன்னு கேட்டேன். ஹெல்ப்லைனுக்குப் பேசுனாங்களாம். அங்க இருந்த மெஷின் குரல், கவலைப்படாதீங்க, சிஸ்டம் ரெக்கவரியை அமுக்குங்கன்னு சொல்லுச்சாம். இவங்களும் மறுத்துப் பேசத் தயங்கி அமுக்கிட்டாங்களாம். முகம் தெரியாத மெஷினுக்குக் கூட மரியாதை.

லேப்டாப் பக்கமே போகாத டாக்டருக்கு விளங்கல. "ஏனுங்க அம்மணி, ரெக்கவரி பண்ணா நல்லதுதானே? பாஸ்வேர்டு போட்டுத் திறக்க வேண்டியதுதானே?"

"பாஸ்வேர்டு எந்தக் காலத்துலங்க டாக்டர்? அதையெல்லாம் மெஷினுங்களே கண்டுபிடிக்க ஆரம்பிச்சு எட்டு வருசமாச்சு. கைரேகை, முகம், குரல் எல்லாத்தையும் போலி பண்ணிட்டானுங்க. போலி பண்ண முடியாதது ஒண்ணே ஒண்ணுதான், கைவாகு. நீங்க எப்படி எழுதறீங்க, எங்க அழுத்தறீங்க, எங்க தயங்கறீங்க, யாருக்கு எழுதும்போது கை எப்படிப் போகுது, இதை வச்சுத்தான் லேப்டாப் ஆளை அடையாளம் கண்டுக்குது. ஆளு தினம் கொஞ்சம் கொஞ்சமா மாறுவாங்க, அதுவும் கூடவே மாறிக்கும்."

"அப்புறம் என்ன?"

"ரெக்கவரி பண்ணினதுல ஃபைலெல்லாம் பத்திரமா இருக்கு. கைவாகு மட்டும் பழைய தேதிக்குப் போயிருச்சு. இந்த லேப்டாப்புக்கு இப்பத் தெரிஞ்சது மூணு வருசத்துக்கு முந்தின கோகிலவாணியைத்தான். இவங்க யாருன்னே அதுக்குத் தெரியல."

அதெப்படி மூணு வருசம் பின்னால போச்சுன்னு டாக்டர் கேட்டாரு. எனக்குப் பதில் தெரியும். மனுசனோட கைவாகைத் தானா நகலெடுத்து வைக்கக் கூடாதுன்னு சட்டம். அவங்கவங்களே சம்மதிச்சு, உக்காந்து, எழுதிக் காட்டினாத்தான் ரெக்கவரி புள்ளி, அதாவது ரெக்கவரி திரும்பி வந்து நிக்கற எடம், போட முடியும். யாரு ஞாபகம் வச்சுச் செய்யறாங்க? அதனால நான் ஒரு வழக்கம் வச்சேன். வருசா வருசம் ஆயுத பூஜை அன்னிக்கு என் வாடிக்கைக்காரங்க அத்தனை பேரும் லேப்டாப்பைத் தொடச்சுட்டு வருவாங்க. வரிசையா அடுக்கி, சந்தனம் குங்குமம் வச்சு, பொரிகடலை படைச்சு, ஆளுக்கொரு புள்ளி போட்டுக் குடுப்பேன். அக்கா கடைசியா வந்தது மூணு வருசத்துக்கு முன்னால. அதுக்கடுத்த கார்த்திகையில தனசேகர் அண்ணன் போயிட்டாரு. அப்புறம் ரெண்டு ஆயுத பூஜை வந்து போச்சு. அவங்க வரல. ஏன் வரலைங்கறதை அப்ப நான் சொல்லல.

"எத்தனை தரம் எழுதிப் பாக்கலாம்?"னு அக்கா மெல்லக் கேட்டாங்க.

அஞ்சு தரம். ஒண்ணை வீட்டுலயே எழுதிப் பாத்து விட்டுட்டாங்க. அஞ்சும் தப்புனா லேப்டாப் தானாப் பூட்டிக்கும், நாப்பத்தெட்டு நாளைக்குத் திறக்காது. கம்பெனிக்காரன் மண்டலக் கணக்கு எங்க கத்துக்கிட்டானோ தெரியல.

"எனக்கு நாப்பத்தெட்டு நாள் இல்ல கண்ணு. நாலு மணி வரைக்கும்தான்." அப்பத்தான் விசயத்தையே சொன்னாங்க. சீரியல் முடியப் போகுது. கடைசி அஞ்சு எபிசோடும் இந்த லேப்டாப்புலதான் இருக்கு. ஒருதரம் கதை வெளியில கசிஞ்சதுல இருந்து, வேற எங்கயும் நகல் வைக்கக் கூடாதுன்னு சேனல்ல கண்டிப்பாச் சொல்லியிருக்காங்க. நாலு மணிக்குள்ள அனுப்பலைன்னா முடிவை, கதை எழுதற மெஷின்கிட்டக் குடுத்துருவாங்களாம். கடைசி வாரம் கதை, வசனம்னு போடற எடத்துல அக்கா பேரு வராது. எழுநூறு எபிசோடு எழுதிட்டு முடிவு அவங்களோடது இல்லைன்னா, அது பந்தியில இலை போட்டு உக்கார வச்சுட்டு எழுப்பி விடற மாதிரி. மறுபடி எழுதிடலாமேன்னேன். தொண்ணூறு பக்கம் கண்ணு, எனக்கு எத்தனை கை இருக்குன்னு கேட்டாங்க. அதையும் சிரிச்சுட்டேதான் கேட்டாங்க. மணி பன்னெண்டே முக்கால்.

சரி, மூணு வருசத்துக்கு முந்தி நீங்க எப்படி எழுதுவீங்கன்னு விசாரிச்சேன். அக்கா கொஞ்சம் வெக்கப்பட்டாங்க. டாக்டரைப் பாத்தாங்க, தரையைப் பாத்தாங்க.

"அப்ப இதுல சண்டைதான் போட்டேன்."

கூட்டுக் குடும்பமாம். ஹால்ல மாமனார், சமையக்கட்டுல மாமியார், மாடியில கொழுந்தனார் குடும்பம். குரலை உயர்த்திப் பேசினா வீடே கூடிரும். அதனால புருசன் பொண்டாட்டி சண்டை பூராவும் எழுத்துலதான். இவங்க ரூம்ல உக்காந்து தட்டுவாங்க, அவரு மில் ஆபீஸ்ல இருந்து பதில் தட்டுவாரு. ஈரத் துண்டைக் கட்டில்ல போட்டதுக்குச் சண்டை, ஊறுகாய் பாட்டிலை மூடாததுக்குச் சண்டை, அவங்கம்மா சொன்னதுக்கு ஒண்ணும் சொல்லாம நின்னதுக்குச் சண்டை. பத்து வருசம், தினம் ஒண்ணு. வாயைத் திறந்து ஒரு வார்த்தை கடுமையாப் பேசினதில்லயாம். சாயங்காலம் அவரு ஜாங்கிரி வாங்கிட்டு வந்துருவாராம்.

"அவரு போனதுக்கப்புறம் எல்லாரும் என்னை என்ன பொறுமை, என்ன பக்குவம்னு சொல்றாங்க. திட்ட ஆளில்லாததுக்குப் பேரு பொறுமையா கண்ணு?"

அக்காவும் டாக்டரும் பழகி ஒரு வருசமாச்சு, இன்னும் நீங்க நாங்கதான். டீ ஆறிப் போனாக்கூட, பரவால்லங்க நல்லா இருக்குங்கன்னு குடிச்சுக்குவாங்க. அவரு எருமைகிட்டக் கூட அதட்டிப் பேச மாட்டாரு.

அப்ப வேணுங்கறது கோவம்னு நான் முடிவு கட்டினேன். இதென்ன பிரமாதம், அந்த மாமியார் பேசற வசனத்தையே எழுதுங்கன்னேன். தமிழ்நாட்டையே நடுங்க வச்ச பேச்சு. அக்கா கண்ணை மூடிட்டுச் சரசரன்னு எழுதுனாங்க. படிக்கவே எனக்குக் காது கூசுச்சு. தட்டிவிட்டோம். பொருத்தம் 38. முன்னயவிடக் கம்மி. கீழ ஒரு வரி வேற, 'அழகாக எழுதுகிறீர்கள்'.

டாக்டரு ஒரு யோசனை சொன்னாரு. நான் வேணா உங்களைக் கோவப்படுத்தட்டுங்களான்னு அனுமதி கேட்டாரு. அனுமதி கேட்டுட்டு யாராச்சும் கோவப்படுத்துவாங்களா? தொண்டையைச் செருமிட்டு, உங்க ரசத்துல உப்புக் கொஞ்சம் ஜாஸ்திங்கன்னாரு. சொல்லிட்டு உடனே, ஆனா நல்லாத்தான் இருக்குங்கன்னு சேத்துக்கிட்டாரு. அக்கா சிரிச்ச சிரிப்புல பக்கத்துல ஜெராக்ஸ் கடைக்காரரு எட்டிப் பாத்தாரு. சிரிச்சுட்டே எழுதுனாங்க. பொருத்தம் 52. ஏறியிருக்கே, பரவால்லயேன்னு நினைச்சேன். ஆனா ஒரு வாய்ப்புப் போச்சு. வேணுங்கறது 85.

நாலாவது தரத்துக்கு நான் தப்பு ஒண்ணு பண்ணினேன். தனசேகர் அண்ணனை நினைச்சு, அவரு முன்னால இருக்கற மாதிரி நினைச்சு எழுதுங்கக்கான்னு சொல்லிட்டேன். அக்கா அந்த ஈரத் துண்டுச் சண்டையை எழுத ஆரம்பிச்சாங்க. பாதியில விரல் நின்னுருச்சு. கண்ணுல தண்ணி கீபோர்டு மேல விழுந்துச்சு. டாக்டரு கைக்குட்டையை எடுத்து, அவங்களுக்குக் குடுக்காம கீபோர்டைத் தொடச்சாரு. அதைப் பாத்து எனக்கே மனசு என்னமோ பண்ணுச்சு. மீதியை எழுதி முடிச்சாங்க. பொருத்தம் 61. 'நீங்கள் நலமா?'ன்னு கேட்டுச்சு லேப்டாப்.

ஒரே ஒரு வாய்ப்பு பாக்கி. மணி மூணே கால். சென்னையில இருந்து சேனல் மேனேஜரு ரெண்டு தரம் கூப்பிட்டுட்டாரு. அக்கா எடுக்கல. மடியில கையை வச்சுட்டு உக்காந்திருந்தாங்க. நானும் எனக்குத் தெரிஞ்சதையெல்லாம் செஞ்சு பாத்துட்டேன். பேட்டரியைக் கழட்டி மாட்டினேன், டிஸ்க்கை வெளிய எடுத்து வேற மெஷின்ல போட்டுப் பாத்தேன். அந்தப் பூட்டைப் போட்டவன் என்னைவிடக் கெட்டிக்காரன்.

அப்பத்தான் டாக்டரு வாயைத் திறந்தாரு. அந்த மனுசன் நல்ல எண்ணத்துலதான் சொன்னாரு, அதுல சந்தேகமே இல்ல. எருமைக்கு ஊசி போட்டுட்டு முதுகுல தட்டிக் குடுப்பாரே, அதே மெல்லிசான குரல்ல சொன்னாரு.

"விடுங்க கோகிலா. மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க. மெஷினே எழுதிட்டுப் போகட்டும். நான் உங்களுக்குப் புதுசா ஒரு நல்ல லேப்டாப் வாங்கித் தர்றேன்."

அக்கா நிமுந்து பாத்தாங்க. மூக்கு நுனி செவந்துச்சு. கடையில ரெண்டு பேரு புதுசா வந்து நின்னுட்டிருந்தாங்க, அதனால வாயைத் திறக்கல. லேப்டாப்பை வெடுக்குன்னு இழுத்து மடியில வச்சு அந்தக் கட்டத்துல எழுத ஆரம்பிச்சாங்க. கீபோர்டு பொரி வறுக்கற சட்டியாட்டம் சத்தம் போட்டுச்சு. சாது மிரண்டா காடு கொள்ளாதும்பாங்க. அன்னிக்குக் கட்டமே கொள்ளல. முடிச்சுட்டு எண்டரை ஓங்கி ஒரு தட்டு. தட்டிட்டு லேப்டாப்பை டாக்டர் மூஞ்சிக்கு நேராத் திருப்பிட்டாங்க. தனசேகர் அண்ணனுக்கு அனுப்பற ஞாபகத்துலயே எண்டரைத் தட்டிருக்காங்க. அது கடைசி வாய்ப்புன்னு அவங்களுக்கு ஞாபகமே இல்ல.

டாக்டர் படிச்சாரு. தோளுக்கு மேல எட்டி நானும் படிச்சேன்.

"பொன்னரசு, எதைப் புதுசா வாங்கித் தருவ? நான் ரெண்டரை வருசம் உக்காந்து எழுதினதை எந்தக் கடையில விக்கறாங்கன்னு சொல்லு, நானும் பையை எடுத்துட்டு வர்றேன். தட்டிக் குடுக்காத, நான் உன்னோட எருமை இல்ல. விடு விடுன்னு ஊரே சொல்லுச்சு, ஒவ்வொண்ணா விட்டுட்டு வந்தவ நான். விடறதுன்னா என்னன்னு எனக்கு நீ சொல்லித் தராத. இதை விட மாட்டேன். அந்த வீட்டுக்குக் கடைசிக் கதவை நான்தான் சாத்துவேன். கோவம் வந்தா வந்துச்சுன்னு சொல்லு, ரசம் உப்புன்னா உப்புன்னு சொல்லு, ஆறின டீயை நல்லாருக்குன்னு குடிச்சுக் குடிச்சு எனக்கு நாக்கே செத்துப் போச்சு. இன்னொண்ணு, துடைச்ச தரையில அந்தச் சேத்து பூட்ஸோட நிக்கற. ஆவணிக்கப்புறம் இதோட எம் படி ஏறுன, மாட்டுக் கொட்டாயிலதான் உனக்குப் பாய்."

டாக்டரு ரெண்டு தரம் படிச்சாரு. முகத்துல ஒண்ணுமே தெரியல. எழுந்தாரு. போச்சு, மனுசன் கோவிச்சுட்டு வெளிய போறாரு, ஆவணிக் கல்யாணத்துக்கு ஆடியிலயே ஆப்புன்னு நினைச்சேன். வாசல் வரைக்கும் போனவரு குனிஞ்சு ரெண்டு பூட்ஸையும் கழட்டி, படிக்கு வெளிய ஜோடியா வச்சுட்டு, வெறுங்காலோட திரும்பி வந்து அதே ஸ்டூல்ல உக்காந்தாரு.

"ரசம் நெசமாவே உப்புத்தான்"னாரு.

அக்கா அவரைப் பாத்துட்டே இருந்தாங்க. நான்தான் திரையில கட்டத்துக்குக் கீழ பாத்தேன். பொருத்தம் 96. 'வாங்க, கோகிலவாணி'.

மூணு அம்பத்திரெண்டுக்கு அஞ்சு எபிசோடும் சென்னைக்குப் போய்ச் சேந்துருச்சு. நாலு மணிக்கு மேனேஜரு ஃபோன் பண்ணி, கிடைச்சுதுங்க மேடம்னு சொன்னாரு. இவ்வளவு தாமதமாவா அனுப்பறதுன்னு வேற கேட்டாரு போல. எப்பவும் மன்னிச்சுக்கங்கன்னு சொல்ற அக்கா, டிரைவரை அனுப்பினவனைப் போய்க் கேளுங்கன்னு சொல்லிட்டு வச்சுட்டாங்க. டாக்டரு கடைக்கு நிலக்கடலை வாங்கிட்டு வந்து எல்லாருக்கும் குடுத்தாரு, வெறுங்காலோடயே.

லேப்டாப்பை அப்படியே குடுத்து அனுப்ப எனக்கு மனசு வரல. புதுப் புள்ளி ஒண்ணு போடணும். சாமி மாடத்துல இருந்து சந்தனக் கிண்ணத்தையும் குங்குமத்தையும் எடுத்துட்டு வந்து அக்கா முன்னால வச்சேன். அவங்க கையை நீட்டல. நான் சொல்ல வேண்டியதை அப்பத்தான் சொன்னேன்.

"மொத வருசம் துக்க வீடு, பூஜைக்குக் கூப்பிட வேண்டாம்னு விட்டேங்கக்கா. அது வழக்கம். ரெண்டாம் வருசம் வழக்கம் இல்ல, நான்தான். எல்லாரும் பொட்டு வைக்கற எடத்துல நீங்க வந்தா என்ன பேசறது, கிண்ணத்தை உங்ககிட்ட நீட்டறதா வேண்டாமான்னு எனக்கே தெரியாம, கூப்பிடாமயே இருந்துட்டேன். நான் ஒரு ஃபோன் பண்ணியிருந்தா இன்னிக்கு உங்களுக்கு இந்தப் பாடு இல்ல."

தெரியும் கண்ணுன்னாங்க அக்கா. போன ஆயுத பூஜை அன்னிக்குச் சாயங்காலம் பஸ்ஸுல இந்த வழியாத்தான் போனாங்களாம். ஜன்னல் வழியா எல்லா லேப்டாப்பும் பொட்டு வச்சு உக்காந்திருந்ததைப் பாத்தாங்களாம்.

எனக்கு அழுகையே வந்துருச்சு. புள்ளி போட நூறு வார்த்தை எழுதணும், எம் மேல இருக்கற கோவத்தையே எழுதுங்கன்னேன். அக்கா முந்தானையை இழுத்துச் செருகிட்டு ஆரம்பிச்சாங்க. நூறு வார்த்தை கேட்டேன், இருநூத்துப் பத்து எழுதுனாங்க. என் பத்தொம்பது வருசக் கடையில எந்த வாடிக்கைக்காரரும் என்னை அவ்வளவு கச்சிதமாத் திட்டினதில்ல. என்ன எழுதினாங்கன்னு இங்க சொல்ல மாட்டேன். அத்தனையும் நெசம். எழுதி முடிச்சுட்டு மோதிர விரல்ல சந்தனத்தைத் தொட்டு லேப்டாப் மூலையில வச்சு, அதுக்கு மேல குங்குமம் வச்சாங்க. மீதியை என் நெத்தியில இழுத்துட்டு, இந்த வருசம் ஆயுத பூஜைக்கு எத்தனை மணிக்கு வரணும்னு கேட்டாங்க.

அவங்க கை கழுவப் போனப்ப, புள்ளி சரியா விழுந்துச்சான்னு நான் உள்ள போய்ப் பாத்தேன். சர்வீஸ்காரங்களுக்கு மட்டும் தெரியற பக்கம் ஒண்ணு இருக்கு. கை யாருக்கு எப்படி எழுதுதுன்னு லேப்டாப் பிரிச்சு வச்சிருக்கும். வேலை ஆட்கள், கடைக்காரர்கள், தெரிந்தவர்கள், இப்படி. கோவம்னு ஒரு தலைப்பு இருக்கும், அதுல தனசேகர் அண்ணன் பேரு இருக்கும்னு தேடுனேன். மேல இருந்து கீழ வரைக்கும் அப்படியொரு தலைப்பே இல்ல. அந்தச் சண்டையெல்லாம் 'வீட்டு மனிதர்கள்'ங்கற தலைப்புல கிடந்துச்சு.

அந்தத் தலைப்புல இத்தனை நாளும் ஒரே பேரு. இப்ப மூணு. தனசேகர், பொன்னரசு, தமயந்தி.

வெளிய அக்கா, கழட்டி வச்ச பூட்ஸை மறந்துட்டு ஸ்கூட்டர்ல ஏறுன டாக்டரைத் திட்டிட்டிருந்தாங்க. வாயாலயே.